அளந்தாயிற்று, திரும்பச் சொல்லித்தர நேரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்றல் விளைவுகளைப் பற்றி நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்தைத் தங்கள் வாசகர் பகுதியில் படித்தேன். 'முன்பெல்லாம் மார்க் போட்டார்கள், பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று தெரிந்தது. இப்போது விளைவு, அடைவு என்று ஏதேதோ சொல்கிறார்கள். பாடம் நடத்தாமல் தப்பிக்கத்தான் இதெல்லாம்' என்று வருத்தப்பட்டிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் மாவட்டத்து ஒன்றியப் பள்ளிகளில் 27 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள். இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, இப்போது தென்பெண்ணைக் கரையோரம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. அரசு ஊழியர் என்பதால் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த வார்த்தை. என் அப்பா குறிஞ்சிப்பாடி பக்கம், பெருமாள் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி பயிர் வைத்தவர். அறுப்பு முடிந்து யாராவது விசாரித்தால், 'இத்தனை காணி நட்டேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'காணிக்கு இத்தனை மூட்டை கண்டுமுதல்' என்பார். களத்தில் தூற்றி, பதர் போக, மூட்டை பிடித்தபின் கையில் நிற்பதுதான் கண்டுமுதல். பள்ளிக்கூடத்தில் நாங்கள் வெகுகாலம் நட்ட கணக்கை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஐந்து பாடம் முடித்தாயிற்று, போர்ஷன் ஓவர், ரிவிஷன் ஆரம்பம். கற்றல் விளைவு என்று கேட்கிறவர்கள் கண்டுமுதலைக் கேட்கிறார்கள். பாடம் முடிந்தபின் இந்தப் பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது? கேள்வி அவ்வளவுதான். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டமே இதைச் சொல்கிறது. பிள்ளைக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது, புரிந்ததைப் பயன்படுத்த முடிகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று அதன் 29ஆம் பிரிவில் இருக்கிறது. 2017இல் விதிகளைத் திருத்தி, வகுப்புவாரியாக விளைவுகளை வரையறுக்கவும் சொன்னார்கள். இதில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மார்க் இதைச் சொல்லாது என்பதை நான் ஒரு மத்தியான வேளையில் தெரிந்துகொண்டேன்.

2023 பிப்ரவரி. ஏழாம் வகுப்பு, மூன்றாம் பருவம், சதவீதமும் தனிவட்டியும் பாடம். பாடம் நடக்கும்போதே இடையில் வைக்கிற வளரறித் தேர்வு வைத்திருந்தேன், 25 மார்க்குக்கு. 34 பேரில் 26 பேர் 20க்கு மேல். விடைத்தாளைக் கொடுத்து முடித்தபோது மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சும்மா உட்கார வைப்பானேன் என்று வாய்க்கணக்காக ஒன்று கேட்டேன். 'ஒரு அம்மா 5,000 ரூபாய் ரெண்டு வட்டிக்கு வாங்குறாங்க. பத்து மாசத்துல எவ்வளவு வட்டி கட்டியிருப்பாங்க?'

முன்வரிசைப் பிள்ளைகள் உடனே நோட்டைப் புரட்டினார்கள். அசல் 5,000, காலம் பன்னிரண்டில் பத்து, வட்டி வீதம் 2. பெருக்கி, நூறால் வகுத்து, ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் '83 ரூபாய் 33 காசு டீச்சர்' என்றார்கள். நான் தலையாட்டப் போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் அம்மா துறைமுகத்தில் ஏலத்துக்கு மீன் எடுத்து, மஞ்சக்குப்பத்தில் கூடை வைத்து விற்கிறவர். 'என்னா டீச்சர், எண்பத்து மூணா? எங்கம்மா மாசாமாசம் நூறு கட்டுது. ஆயிரம் ஆவும்.'

அந்தத் தேர்வில் அவன் எடுத்தது 6 மார்க்.

நம் பக்கத்தில் ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிவிடுகிறது. கடன் வாங்கிய எந்த வீட்டிலும் இது தெரியும். முன்வரிசைப் பிள்ளைகளும் இதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் நோட்டைத் திறந்ததும் வீட்டு வட்டி வேறு, புத்தக வட்டி வேறு என்று ஆகிவிட்டது அவர்களுக்கு. அப்படிப் பிரித்து வைக்கப் பழக்கியது நான்தான். அந்தப் பாடம் முழுக்க ஒரு நாளாவது 'உங்க ஊருல வட்டியை எப்படிச் சொல்றாங்க?' என்று நான் கேட்டிருக்கவில்லை.

சரி, 6 மார்க் பையன்தான் நிஜமான கெட்டிக்காரன் என்று இதை முடித்துவிட முடியாது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, 4,750 ரூபாய், ஒன்றரை வட்டி, ஏழு மாதம் என்று கொடுத்தேன். திணறிவிட்டான். ஒன்றரையைப் பெருக்க வரவில்லை, புள்ளி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் வீட்டில் நடந்த கணக்கு மட்டும் அவனுக்கு மனப்பாடம். முன்வரிசைக்கு ஒரு பாதி இல்லை, இவனுக்கு இன்னொரு பாதி இல்லை. 22 மார்க்கும் சரி, 6 மார்க்கும் சரி, யாருக்கு எது இல்லை என்பதை எனக்குச் சொல்லவே இல்லை. நெல்லிக்குப்பத்துப் பெரியவருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். மார்க்கை வைத்துப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று நமக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டோம் ஐயா.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரே ஒரு கேள்வி. மார்க் கிடையாது, பெயரைப் பின்பக்கம் எழுத வேண்டும். இடைவேளையில் மேசைமேல் மூன்று குவியலாகப் பிரிப்பேன். செய்ய வருகிறது, பாதி வருகிறது, இன்னும் வரவில்லை. இதற்கு நாலு நிமிடம்கூட ஆகாது. தனிவட்டிக்கு முதல் நாள் பிரித்தபோது 9, 16, 9 என்று வந்தது. நடுக்குவியலைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மாத வட்டி சரியாகப் போட்டு மாதங்களால் பெருக்க மறந்தவர்கள் ஒரு கூட்டம். மாத வட்டியை ஆண்டு வட்டி என்று எடுத்துக்கொண்டவர்கள் ஒரு கூட்டம். பெருக்கலில் மட்டும் சறுக்கியவர்கள் நாலு பேர். இவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருத்தருக்கும் கேட்காது.

திரும்பச் சொல்லித்தர எனக்கு நாலு பாடவேளை ஆயிற்று. அதில் ஒரு தவறும் செய்தேன். 'உங்க வீட்டுல எத்தனை வட்டிக்கு வாங்கியிருக்காங்கன்னு கேட்டுட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஒரு அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார். 'எங்க கடனைப் பள்ளிக்கூடத்துல எதுக்கு டீச்சர் பேசணும்?' அவர் கேட்டது சரி. மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் நானே கணக்குகளை ஜோடித்தேன்: நகைக்கடன், மகளிர் குழுக் கடன், தண்டல். தண்டல் கணக்கு இப்படி: கையில் கொடுப்பது 8,500, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு, கையில் வாங்கிய பணத்துக்கு அது எத்தனை சதவீதம்? ஒரு பெண் கரும்பலகையில் 1,500ஐ 8,500ஆல் வகுத்து 17.6 வரை வந்தாள். சாக்பீஸைக் கீழே வைக்கப் போனவள் திரும்பி, 'நூறு நாளைக்கேவா டீச்சர்? வருசத்துக்கு இல்லையா?' என்றாள். வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பின்னால் இருந்து யாரோ 'அடேங்கப்பா' என்றார்கள்.

தனிவட்டிப் பாடத்தின் விளைவு எது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் காட்டுவேன்.

இரண்டாம் முறை சீட்டு வாங்கியபோது 23, 8, 3. அந்த மூன்று பேருக்கு வட்டி பிரச்சினையே இல்லை, வகுத்தலே வரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதையும் எனக்கு அந்தச் சீட்டுதான் சொன்னது.

அந்த வாரம் பள்ளிப் பார்வைக்கு ஓர் அலுவலர் வந்தார். பாடக்குறிப்பைப் புரட்டினார். அடுத்த பாடம் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து காட்டினேன், முதல் நாள் கட்டும் இரண்டாவது கட்டும். இரண்டு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, 'நல்லதுதாம்மா, ஆனா பதிவேட்டுல ஒண்ணும் இல்லையே' என்றார். கற்றல் விளைவுப் பதிவேட்டில் ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. என்னுடையதில் பாதிக் கட்டம் காலி. 'பதிவேடு முறையாகப் பராமரிக்கப்படவில்லை' என்று பார்வைக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். அன்று மாலை ஆறரை வரை பள்ளியில் உட்கார்ந்து, மூன்று மாதக் கட்டங்களையும் டிக் போட்டு நிரப்பினேன். ஒரு டிக் போடும்போதுகூட ஒரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வரவில்லை. மறு பார்வையில் அந்தப் பதிவேட்டுக்கு 'நன்று' கிடைத்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையிலும் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் இருந்தது, அதில் பதிவேடு இருக்கிறதா இல்லையா என்றுதான் கேட்டிருந்தது. பிள்ளைக்குத் தெரியுமா என்ற கேள்வி அதில் இல்லை.

இந்த 27 ஆண்டில் இதே எண்ணம் பல பெயரில் வந்து போயிற்று. 2007 வாக்கில் எல்லாப் பள்ளிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் சின்ன வகுப்பில் இருந்தேன். பாய், அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை. ஓர் அட்டையை முடித்தால்தான் அடுத்த அட்டை. ஒரு பிள்ளையை அது இருக்கும் இடத்திலிருந்து ஏற்றிவிடுவது அதில் இருந்தது, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூட்டமான வகுப்பில் அது ஓடவில்லை. ஒரு பிள்ளை நாலாவது படியில் நிற்க, இன்னொன்று பத்தாவது படியில் நிற்க, நடுவில் நான் ஒருத்தி. பார்க்க வருகிறவர்கள் அட்டைகள் தட்டில் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள்.

2012இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. இடையிடையே வைக்கும் வளரறிக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறிக்கு 60. அந்த நாற்பதில் செயல்பாட்டுக்கு என்று இருந்த இருபது மார்க், பல வீடுகளில் கடையில் படத்தாள் வாங்கி ஒட்டுகிற வேலையாக முடிந்தது. சார்ட் பேப்பருக்குக் காசில்லாமல் இரண்டு நாள் பள்ளிக்கு வராத பிள்ளையை எனக்குத் தெரியும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கு ஏற்ற பயிற்சி வைத்தார்கள். கொரோனாவில் இரண்டு வருடம் தொலைந்த பிள்ளைகளுக்கு அது வேண்டியதாகத்தான் இருந்தது, எங்கள் பள்ளியிலேயே எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள் அதில் தேறினார்கள். ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும். கடற்கரைப் பக்கம் சிக்னல் கிடைக்காது. என் சக ஆசிரியை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் நடப்பதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எதை எடுத்தாலும் அளப்பதற்கு நாள் குறித்திருக்கிறார்கள், பதிவதற்குக் கடைசித் தேதி வைத்திருக்கிறார்கள். அளந்து பார்த்து 'வரவில்லை' என்று தெரிந்தபின் திரும்பச் சொல்லித்தருவதற்கு மட்டும் கால அட்டவணையில் இடமே இல்லை. அதைக் குறைதீர் கற்பித்தல் என்று பயிற்சிப் புத்தகங்களில் அழகாக எழுதியிருக்கிறது. எந்தப் பாடவேளையில் என்று ஒருவரும் சொல்வதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பிள்ளைகளில் பலருடைய வீட்டுக்குள் தண்ணீர். புத்தகப் பை போனது, நோட்டு போனது. பள்ளி திறந்து உட்கார்ந்தபோது கையில் இருந்த நாட்கள் குறைந்துவிட்டன. அந்தக் குறைவை எதில் ஈடுகட்டினோம் தெரியுமா? பாடத்தில் ஒரு பக்கத்தையும் விடவில்லை. துண்டுச் சீட்டை விட்டேன், திரும்பச் சொல்லித்தருவதை விட்டேன். இப்போது எட்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு போடும்போது, எந்த மாதம் விட்டுப்போயிற்று என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடிகிறது.

கல்லூரியிலும் இதே கதைதான் போல. என் தங்கை மகன் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானதிலிருந்து, அங்கீகாரம் வேண்டுமானால் விளைவு அடிப்படையில் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பாடத்தின் விளைவு எத்தனை, அது படிப்பின் விளைவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று 1, 2, 3 போட்டுப் பெரிய அட்டவணை. 'அந்த அடைவுக் கணக்கு கைக்கு வரும்போது செமஸ்டர் முடிஞ்சு பசங்க அடுத்த வகுப்புக்குப் போயிடுறாங்க பெரியம்மா' என்றான். கண்டுமுதல் குறைந்தது தெரிந்து யாருக்கு லாபம், அந்த வயலில் மறுபடி விதைக்க முடியாவிட்டால்? தென்னாப்பிரிக்காவில் 1997இல் விளைவு அடிப்படையிலான பாடத்திட்டத்தை அறிவித்து, 2010இல் கைவிட்டார்கள். ஆசிரியர்மேல் ஏறிய எழுத்து வேலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். நாமும் அங்கே போய் நிற்க வேண்டாம்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் முடிவில் மூன்று பாடவேளையைத் திரும்பச் சொல்லித்தருவதற்கென்று கால அட்டவணையிலேயே எழுதுங்கள். அதுவும் போர்ஷனில் சேர்த்தி என்று ஓர் உத்தரவு போடுங்கள். அந்த மூன்று பாடவேளைக்கு இடம் வேண்டுமானால் பாடத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் குற்றமில்லை. டிக் போடும் பதிவேட்டை எடுத்துவிட்டு, யாருக்கு எது வரவில்லை, அதற்கு நான் என்ன செய்தேன் என்று ஆசிரியர் தன் கையால் எழுதும் ஒரே ஒரு நோட்டுப் போதும். மிகமிக முக்கியமாக, பார்வைக்கு வருகிற அலுவலர் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, ஏதாவது நாலு பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்கட்டும். அவர்களும் ஆசிரியர்களாக இருந்தவர்கள்தான். பத்தே நிமிடத்தில் என் வகுப்பின் நிலை அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் என்னைத் திட்டினாலும் ஏற்றுக்கொள்வேன்.

நெல்லிக்குப்பத்து ஐயாவுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, 'என் பையன் எத்தனை மார்க்?' என்று கேட்டபின் இன்னொன்றும் கேளுங்கள். 'அவனுக்கு இன்னும் எது வரவில்லை, அதற்கு எப்போது மறுபடி சொல்லித்தரப் போகிறீர்கள்?' பெற்றோர் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், எங்களுக்கு அந்த நேரத்தைக் கேட்டு வாங்க வலு வரும்.

2023இல் வாங்கிய அந்த இரண்டு கட்டுச் சீட்டின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பின்பக்கப் பெயர்களை நகல் எடுக்கவில்லை. இரண்டாம் கட்டில் மேலிருந்து எட்டாவது சீட்டைப் பாருங்கள். பெருக்கல் கொஞ்சம் கோணலாக இருக்கும், புள்ளியை இரண்டு தடவை அழித்து வைத்திருப்பான். அந்த 4,750 ரூபாய்க் கணக்குக்கு விடை 498.75 சரி. கீழே, நான் கேட்காமலே, 'மாசத்துக்கு 71.25' என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறான். அது கடைசி பெஞ்சுப் பையனுடையது.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
கடலூர் மாவட்டம்.